கல்லறையில் ஓர் ‘ஆயின்’

நேயர்களே, எனது பாடசாலை நாட்களில் எங்களுக்கு வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாணவன் எவனாவது விடைத்தாளில் “இன்ன மன்னன் அன்று இறவாதிருந்தால்” என்று தொடங்கிவிட்டால் போதும். அந்த ‘ஆல்’ விகுதியைச் சுற்றிச் சிவப்பு மையினால் ஒரு வட்டம் இடுவார். “தம்பி, அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்கிற கதைதான் இது. இலக்கணத்துக்குச் சரி, சரித்திரத்துக்குச் சரிவராது” என்பார். வகுப்பே சிரிக்கும். விகுதியை எழுதியவன் தலையைக் குனிந்துகொள்வான். அவ்வாறு குனிந்த தலைகளில் என்னுடையதும் ஒன்று.

அந்தச் சிவப்பு வட்டத்துக்கு நான் நெடுநாள் அடங்கியே நடந்தேன். பின்னர் ஒருநாள், போர்த்துக்கல் நாட்டின் பழைய கட்டடங்கள் பற்றிய நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, லிஸ்பன் நகரின் பெலேம் பகுதியிலுள்ள ஜெரோனிமஸ் மடாலயத்தின் படமொன்று கண்ணிற் பட்டது. இரண்டு பளிங்கு யானைகளின் முதுகிலே ஒரு கற்பேழை. அது செபஸ்தியான் மன்னனின் கல்லறை. பிற்காலத்தவர் அதன்மேல் இலத்தீனில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். மன்னன் இங்கே துயில்கிறான் என்று சொல்லவந்த அவ்வாசகம், இடையிலே சற்றுத் தயங்கி, வழங்கும் செய்தி மெய்யாயின் என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறது.

அரசனின் உடல் உள்ளே இருக்கிறதோ இல்லையோ என்று அவனுடைய கல்லறையே ஐயுறுகிறது! எனது ஆசிரியர் வட்டமிட்ட சொல்லை ஒரு நாடு கல்லிலே வெட்டி வைத்திருக்கிறது. அந்த ‘ஆயின்’ எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதையும், அதற்குப் பின்னாலிருந்த அரசுரிமைப் பிணக்கையும், அது வேறு விதமாக முடிந்திருக்கக்கூடுமா என்பதையுமே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கதை மூன்றாம் ஜோன் மன்னனிடமிருந்து தொடங்குகிறது. இவன் எங்கள் தீவுக்கும் அந்நியனல்லன். கோட்டை அரசனான ஏழாம் புவனேகபாகு, தனக்குப் பின் தன் மகளின் மகனாகிய தர்மபாலனுக்கே முடி சேரவேண்டுமென விரும்பி, அக்குழந்தையின் பொற்சிலை ஒன்றைத் தூதுவர் கையிற் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543 இல் ஜோன் மன்னன் அச்சிலைக்கு முடிசூட்டினான். அக்காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை ஒன்று ஜேர்மனியின் மியூனிச் நகரில் இன்றும் இருக்கிறது. கடல்கடந்த ஒரு தீவின் வாரிசை உறுதிசெய்து கொடுத்த அம்மன்னனுக்குத் தன் சொந்த வீட்டிலே வாரிசு நிலைக்கவில்லை. அரசி பெற்ற 9 பிள்ளைகளும் அவன் உயிரோடிருக்கும்போதே ஒருவர்பின் ஒருவராக இறந்துபோயினர். கடைசியாக எஞ்சியிருந்த இளவரசன் 1554 ஜனவரி 2 ஆம் நாள் இறந்தான். அவனுடைய மனைவி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. 18 நாட்களுக்குப் பின் ஆண்குழந்தை பிறந்தது. நாடே தவமிருந்து பெற்ற அந்தப் பிள்ளைக்கு ‘விரும்பப்பட்டவன்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவன்தான் செபஸ்தியான்.

பிறக்கு முன்னே தந்தையை இழந்தான். பிறந்து சில மாதங்களில் தாய் ஸ்பானியாவுக்குத் திரும்பிப் போய்விட்டாள். பின்னர் அவளை அவன் காணவேயில்லை. 3 வயதில் அரசனானான். 14 வயதில் ஆட்சியைத் தன் கையில் எடுத்தான். லூயிஸ் டி கமோயன்ஸ் தமது ‘லூசியாத்’ காவியத்தை 1572 இல் வெளியிட்டபோது, அதை இந்த இளம் மன்னனுக்கே காணிக்கையாக்கினார். எங்கள் தீவின் பழம்பெயராகிய ‘தப்ரபேன்’ அக்காவியத்தின் முதற் செய்யுளிலேயே வருகிறது என்பதை இலக்கிய நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். காவியத் தலைவன் ஒருவனாகவே தன்னை எண்ணி வளர்ந்த செபஸ்தியான் திருமணத்தை நாடவில்லை, போரை நாடினான். அரியணை இழந்த மொறோக்கோ சுல்தான் ஒருவனுக்கு உதவுவது என்ற காரணத்தைக் கொண்டு ஆபிரிக்காவுக்குப் படை திரட்டினான். அவனுடைய தாய்மாமன் வேறு யாருமல்லன், ஸ்பானியாவின் இரண்டாம் பிலிப்பு. 1576 இறுதியில் குவாதலூப்பே என்னும் தலத்தில் இருவரும் சந்தித்தபோது, நேரிற் போகவேண்டாமென்று மாமன் தடுத்துப் பார்த்தான். மருமகன் கேட்கவில்லை.

1578 ஓகஸ்ட் 4 ஆம் நாள், கொதிக்கும் வெயிலில், அல்காசர் கிபிர் என்ற இடத்தில் அப்படை அழிந்தது. போர்த்துக்கேயர் தரப்பில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். எஞ்சியோரிற் பெரும்பாலானோர் சிறைப்பட்டனர். செபஸ்தியான், அவன் ஆதரித்த சுல்தான், அவனை எதிர்த்த சுல்தான் ஆகிய மூவரும் அன்று இறந்தமையால் அது ‘மூன்று அரசர் போர்’ எனப்படுகிறது. செபஸ்தியானுக்கு வயது 24. அவன் வீழ்ந்ததைத் தெளிவாகக் கண்டோர் இலர். பின்னர் ஓர் உடல் காட்டப்பட்டது. அது அவன்தானா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

இப்போது முடி யாருக்கு? இறந்தவனுக்குப் பிள்ளையில்லை, சகோதரரில்லை. பாட்டன் ஜோனின் தம்பியாகிய கார்தினால் என்றிக் ஒருவரே மிஞ்சியிருந்தார். 66 வயதான அந்தத் துறவியின் தலையில் முடி வைக்கப்பட்டது. அவர் பாப்பரசரிடம் திருமணத்துக்கு அனுமதி வேண்டினார், பிலிப்பின் செல்வாக்கு குறுக்கே நின்றது, அனுமதி வரவில்லை. ஆகவே, அவர் உயிரோடிருக்கும்போதே உரிமையாளர் அணிவகுத்தனர்.

இந்தப் பிணக்கை ஐரோப்பிய வரலாற்று நூல்கள் பெரிய வம்ச அட்டவணை போட்டு விளக்கும். எங்கள் உறவுமுறைச் சொற்களோ ஒரு வரியில் விளக்கிவிடுகின்றன. கார்தினாலுக்கு ஒரு மருமகன், ஒரு பெறாமகன், ஒரு பெறாமகள். சகோதரியின் மகன் பிலிப்பு. ஒரு சகோதரனின் மகன் அந்தோனியோ. இன்னொரு சகோதரனின் மகள் கத்தரீனா. சவோய் கோமகனும் பார்மாவின் சிறுவனும் வேறு உரிமை கோரினர். அவர்களை இங்கே விட்டுவிடலாம்.

பிலிப்பிடம் படையும் பணமும் இருந்தன. ஆனால் அவன் அயல்நாட்டு அரசன். அந்தோனியோ மக்களுக்குப் பிரியமானவன்; அல்காசர் கிபிரிற் சிறைப்பட்டு மீண்டு வந்தவன்; ஆனால் அவனுடைய பெற்றோர் முறைப்படி மணந்தவர்களல்லர் என்பது எதிராளிகளின் வாதம். கார்தினாலுக்கும் அவனைக் கண்ணிற் காட்டக்கூடாது. 1579 இல் அவனது பிறப்பு முறையற்றது எனத் தீர்ப்பளித்தார். மூன்றாவதாக கத்தரீனா. பிரகன்சா கோமகனின் மனைவி. நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆண்வழியில் வந்த முறையான பேத்தி. கொயிம்பிரா பல்கலைக்கழகச் சட்ட அறிஞர் அவள் பக்கமே நியாயம் இருப்பதாகக் கருத்துரைத்தனர். கார்தினாலின் மனமும் முதலில் அவள் பக்கமே சாய்ந்திருந்தது.

நேயர்களே, எனது ஆசிரியர் மன்னிப்பாராக. இந்த இடத்தில்தான் நான் ‘ஆல்’ விகுதியை எழுதப்போகிறேன். 1579 இலோ 1580 இன் தொடக்கத்திலோ என்றிக் அரசர் கத்தரீனாவே வாரிசு என்று அறிவித்திருந்தால்?

அவ்வாறு கேட்பது வெறும் கற்பனையன்று. அன்றைய மக்களே கேட்டதுதான். 1580 ஜனவரியில் அல்மெய்ரிம் என்ற ஊரிற் கூடிய நாட்டு மன்றத்தில், நகரங்களின் பிரதிநிதிகள் போர்த்துக்கேயர் ஒருவரையே அரசராக்கவேண்டும் என்று கிழவரை நேருக்கு நேர் வற்புறுத்தினர். லிஸ்பன் நகரப் பிரதிநிதியான பெபோ மொனிஸ் அவர்களுக்கு முன்னின்றார். மறுபுறத்தில் பிலிப்பின் தூதுவனான கிறிஸ்தோவாம் டி மௌரா, தானும் பிறப்பாற் போர்த்துக்கேயனே, பிரபுக்களின் வீடுவீடாகச் சென்று வாக்குறுதியும் பொன்னும் வழங்கிக்கொண்டிருந்தான். மொறோக்கோவில் அகப்பட்ட உறவினரை மீட்கப் பணமின்றித் தவித்த குடும்பங்களுக்கு அந்தப் பொன்னின் பெறுமதி எத்தகையது என்று சொல்லவேண்டியதில்லை. கத்தரீனாவின் பத்து வயது மகன் தியோதோசியோவும் அந்தப் போர்க்களத்திற் பிடிபட்டவனே. விடுதலையான பின்னரும் அவன் ஸ்பானிய மண்ணிற் சில காலம் தங்கவைக்கப்பட்டான். பிள்ளை மாற்றான் கையில் இருக்கையில் பெற்றோர் எந்த அளவுக்கு உரத்துப் பேசுவார்கள்?

இரு பக்கமும் இழுபட்ட என்றிக், யாரையும் அறிவிக்கவில்லை. ஐந்து ஆளுநர்களை நியமித்துவிட்டு, முடிவை அவர்களிடமும் நீதிபதிகளிடமும் ஒப்படைத்தார். 1580 ஜனவரி 31 ஆம் நாள், தமது 68 ஆவது பிறந்தநாளன்றே கண்ணை மூடினார். ஐவரிற் பெரும்பான்மையோர் பிலிப்பை நோக்கிச் சாய்ந்தவர்கள்.

முன்பெல்லாம் நான் இந்தக் கிழவரை மட்டுமே குற்றஞ்சாட்டி வந்தேன். இப்போது சற்று இரக்கமும் வருகிறது. நோயாளி, தனிமையானவர், எந்தப் பெயரைச் சொன்னாலும் போர் வருமென்று அஞ்சியவர். ஆனால் பெயர் சொல்லாததனால் போர் வராமற் போகவில்லை. முடிவு செய்யும் அதிகாரமுள்ளவர் மௌனமாயிருந்தால், அந்த மௌனமே வலியவனுக்குச் சாதகமான முடிவாகிவிடுகிறது. ‘ஆல்’ விகுதியைக் கொண்டு கேள்வி கேட்டபோதுதான் இவ்வுண்மை எனக்குத் தெரிந்தது. நடந்ததை மட்டும் வரிசையாகப் படித்தபோது, எல்லாம் தலைவிதி போலவே தோன்றிற்று.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் சந்தராய்ம் நகரில் மக்கள் அந்தோனியோவை அரசனாக்கி ஆர்ப்பரித்தனர். 72 வயதான அல்பா கோமகனின் தலைமையில் ஸ்பானியப் படை எல்லை கடந்தது. ஜூலையில் ஆளுநர்களிற் சிலர் பிலிப்பே அரசன் என்று அறிவித்தனர். ஓகஸ்ட் 25 ஆம் நாள், லிஸ்பன் நகர வாயிலில் அல்காந்தரா என்ற இடத்தில் அந்தோனியோவின் படை தோற்றது. பழகிய படைவீரருக்கு எதிரே, அவசரமாகத் திரட்டிய நகரவாசிகள்! அன்று அந்தோனியோ வென்றிருந்தால் என்று கேட்பதில் எனக்கு அதிக நாட்டமில்லை. அங்கே திறந்திருந்த வாசல் மிகவும் ஒடுங்கியது. அவன் தப்பி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் அலைந்து, முடியின் ஆபரணங்களை விற்று, 1595 இற் பாரிசில் இறந்தான். 1581 ஏப்ரலில் தொமார் நகரிற் பிலிப்புக்கு நாட்டு மன்றம் சத்தியஞ் செய்துகொடுத்தது.

கத்தரீனா முறைப்படி அரசியாகியிருந்தால் என்ன மாறியிருக்கும்? பிலிப்பு படையெடுக்காமல் விட்டிருப்பான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவன் சட்ட வடிவத்துக்கு மிகவும் மதிப்பளித்தவன். தன் உரிமை பற்றி அல்காலா பல்கலைக்கழக இறையியலாளரிடம் கருத்துக் கேட்ட பின்னரே வாளை எடுத்தான். நாட்டு மன்றம் ஏற்று, முன்னைய அரசர் பெயர் குறித்த ஒரு கத்தோலிக்க அரசிமீது போர் தொடுப்பதை ‘உரிமையை நிலைநாட்டல்’ என்று சொல்லியிருக்க முடியாது. வென்றிருந்தாலும் அது வெளிப்படையான ஆக்கிரமிப்பாயிருக்கும். பொன்னை வாங்கிக்கொண்ட பிரபுக்களுக்கும் மறைந்துகொள்ள ஒரு திரை இருந்திராது.

அடுத்தது கடல். 1588 இல் இங்கிலாந்தை நோக்கிச் சென்ற ஸ்பானிய அர்மடா லிஸ்பன் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. அதன் தளபதி ஏறிய கப்பலான சான் மார்த்தின் போர்த்துக்கேயர் கட்டியது. அந்தத் துறைமுகமும் அந்தக் கப்பல்களும் இல்லாதவிடத்து, அர்மடா என்ற பெயரை நாம் கேட்டிருப்போமோ என்னவோ.

ஆனால் ‘ஆல்’ விகுதியைக் கையாள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஸ்பானியாவின் பகைவரான ஒல்லாந்தர், இரு முடிகளும் ஒன்றானதாலேயே போர்த்துக்கேயரின் கீழைத்தேச உடைமைகளைத் தாக்கினர் என்றும், அந்த இணைப்பு இல்லாதிருந்தால் அவர்கள் இப்பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள் என்றும் சிலர் எழுதுவர். கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் 1640 இற் போர்த்துக்கல் மீண்டும் தனியரசானது. அதற்குப் பின்னரே, 1656 இற் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. கறுவாவின் வாசனைக்கு அரச வம்சப் பிணக்கு ஒரு காரணமாகத் தேவைப்படவில்லை. ஒரு காரணத்தை நீக்கிப் பார்த்தபின்னும் விளைவு நிற்குமானால், அது அவ்வளவு பெரிய காரணமன்று. இதுவும் ‘ஆல்’ விகுதி கற்பிக்கும் பாடமே.

இனிக் கல்லறைக்கு வருவோம். பிலிப்பு 1582 இற் செபஸ்தியானின் உடல் எனப்பட்டதைப் பெலேமுக்குக் கொணர்ந்து அடக்கஞ் செய்வித்தான். வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க எண்ணியிருப்பான். முடியவில்லை. மன்னன் இறக்கவில்லை, எங்கோ தவமிருக்கிறான், ஒரு மூடுபனிக் காலையிலே திரும்பி வருவான் என்ற நம்பிக்கை ஊரூராய்ப் பரவிற்று. திரங்கோசோ என்ற ஊரின் சப்பாத்துத் தைப்பவரான பந்தர்ரா, செபஸ்தியான் பிறப்பதற்கு முன்பே பாடி வைத்த தீர்க்கதரிசனப் பாடல்களை மக்கள் அவனுக்கே பொருத்திப் படித்தனர். 1584 இல் ஒருவனும் 1585 இல் இன்னொருவனுமாகப் பொய்ச் செபஸ்தியான்கள் தோன்றினர். 1595 இல் ஸ்பானியாவின் மத்ரிகால் ஊரைச் சேர்ந்த பலகாரக்காரன் ஒருவன் இதன் பொருட்டே தூக்கிலிடப்பட்டான். 1598 இல் வெனிஸ் நகரில் நான்காமவன் தோன்றினான். அவனும் 1603 இல் தூக்கிலிடப்பட்டான். இந்நம்பிக்கை கடல் கடந்து பிரேசிலுக்கும் சென்றது. 1934 இற் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா வெளியிட்ட ‘மென்சாஜெம்’ என்ற நூலிலும் இந்த மன்னனே நடமாடுகிறான்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மகனின் உடலைக் காணாத தாய்க்கு, செய்தி வெறும் செய்திதான். அன்று மொறோக்கோவுக்குப் போன ஆயிரக்கணக்கானோரின் வீடுகளில் அந்தக் காத்திருப்பு இருந்தது. எல்லோருடைய காத்திருப்பும் சேர்ந்து ஓர் அரசனின் பெயரைச் சூடிக்கொண்டது என்றே நான் கொள்கிறேன். ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். செபஸ்தியான் திரும்பி வந்தால் என்று காத்திருந்தோர் ஓர் ‘ஆல்’ விகுதியைப் பற்றியிருந்தனர்; என்றிக் பெயர் சொல்லியிருந்தால் என்று கேட்போர் இன்னோர் ‘ஆல்’ விகுதியைப் பற்றியிருக்கிறோம். முன்னது ஆறுதல் தருகிறது. யாரையும் பொறுப்புக் கேட்பதில்லை. பின்னது ஆறுதல் தருவதில்லை. யார், எப்போது, எதைச் செய்யாமல் விட்டார் என்று கேட்கிறது. போர்த்துக்கல்லை மீட்டது மூடுபனியில் வந்த மன்னனல்லன். 1640 டிசம்பர் 1 ஆம் நாள் லிஸ்பன் அரண்மனையிற் புகுந்த சில பத்துப் பிரபுக்களே. அவர்கள் முடிசூட்டிய நான்காம் ஜோன், ஸ்பானிய மண்ணில் தங்கவைக்கப்பட்டிருந்த அந்தச் சிறுவன் தியோதோசியோவின் மகன், கத்தரீனாவின் பேரன். கிழவர் சொல்லாமல் விட்ட பெயர், 60 ஆண்டுகளுக்குப் பின் அந்த வழியிலேயே வந்து சேர்ந்தது.

முடிக்குமுன், தொடக்கத்திற் கண்ட பொற்சிலைக் குழந்தையையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். தர்மபாலன் வளர்ந்து, 1557 இல் ஞானஸ்நானம் பெற்று, தொன் ஜுவான் என்ற பெயருடன், கோட்டையையும் விட்டுக் கொழும்பிற் போர்த்துக்கேயரின் பாதுகாப்பில் வாழ்ந்தான். அவனுக்கும் பிள்ளையில்லை. 1580 ஓகஸ்ட் 12 ஆம் நாள், தன் இராச்சியம் முழுவதையும் போர்த்துக்கல் அரசருக்கே நன்கொடையாக எழுதிக்கொடுத்தான். எழுதியது யார் பெயருக்குத் தெரியுமா? என்றிக் அரசர் பெயருக்கு! அவர் இறந்து ஆறு மாதங்களுக்கு மேலாகியிருந்தது. கப்பல் வந்து சேராமையால் செய்தியும் வரவில்லை. உறுதி எழுதிய நாளில் லிஸ்பன் அந்தோனியோவின் கையில் இருந்தது. அல்காந்தராப் போருக்கு இன்னும் 13 நாட்கள் இருந்தன. வாரிசு குறிக்காமல் இறந்தவரை ஒரு தீவின் அரசன் தன் வாரிசாகக் குறித்தான். அந்த நன்கொடையின் பலனை அனுபவித்தவன் பிலிப்பு. 1619 இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபோதும், எவனுடைய பெயரால் அது கைப்பற்றப்பட்டதோ அந்த மன்னன் மத்ரித்திலிருந்த பிலிப்பின் மகனே.

எனது ஆசிரியர் இப்போது இல்லை. இருந்திருந்தால், பார்த்தீர்களா, மீண்டும் அதே விகுதி, அந்தக் கல்லறையின் படத்தை அவரிடம் காட்டியிருப்பேன். சிவப்புப் பேனாவை எடுத்திருப்பார். ஆனால் வட்டமிடுமுன் சற்றே யோசித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.